அம்பாசிடர் இன்ஜினில் ஆயில் கசிவும் சூடும்: இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: 1970களின் தொடக்கத்தில் வந்த அம்பாசிடர் மார்க் 2, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். இரவு நிறுத்தினால் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை. நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்தால் டெம்பரேச்சர் ஊசி சிவப்பைத் தொடுகிறது. நெடுஞ்சாலையில் ஏறியதும் இறங்கிவிடுகிறது. இன்ஜினை இறக்கி முழு பேக்கிங் செட்டும் மாற்றி, ரேடியேட்டரையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். இறக்க வேண்டிய நிலை கடைசியில் வரலாம். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் ரேடியேட்டர் மேல் பழி போட முகாந்திரம் குறைவு. ஆயில் எங்கிருந்து வருகிறது என்பதையும் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இந்த இன்ஜினில் சூடும் கசிவும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சூடு ஏறினால் ஆயில் இளகும், இளகிய ஆயில் நேற்று வரை தாங்கிய பேக்கிங்கையும் தாண்டி வரும். அதனால் முதலில் சூட்டைச் சரிசெய்யுங்கள், அடுத்து இன்ஜின் மூச்சுவிடுகிறதா என்று பாருங்கள், பேக்கிங் அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறினால் பேக்கிங் செட் வாங்கிய காசு வீண்.

இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றது எளிது. அம்பாசிடர் என்பது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-இன் இந்திய வடிவம். அதில் இருக்கும் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு இன்ஜின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம்: போர் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9, பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, கிராங்குக்கு மூன்று மெயின் பேரிங். இதே 1489 சிசி இன்ஜின்தான் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. ஆகவே எம்ஜி கார்களின் பழைய வொர்க்ஷாப் கையேடு கையில் கிடைத்தால், கார்புரேட்டர், மவுண்டிங் தவிர இன்ஜின் வேலையில் பெரும்பகுதிக்கு அது உதவும்.

சூடு: எப்போது ஏறுகிறது என்பதே பாதி விடை

நெரிசலில் மட்டும் ஏறி, வேகம் எடுத்ததும் இறங்கினால் குறை காற்றோட்டத்திலோ ஐடில் ஓட்டத்திலோ இருக்கிறது. நெடுஞ்சாலையில் 70, 80-இல் போகும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: ரேடியேட்டர் குழாய் அடைப்பு, கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டுதல். அல்லது கலவை மெலிவு, அதாவது காற்றோடு சேரும் பெட்ரோல் குறைவு. ஸ்டார்ட் செய்த ஐந்து நிமிடத்திலேயே கொதித்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கும், இல்லாவிட்டால் ஹெட் பேக்கிங். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போல இரண்டாம் கியரில் நெடுநேரம் ஏறும் இடத்தில் மட்டும் கொதிக்கும் வண்டியில் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அங்கே சுமை அதிகம், முகத்தில் அடிக்கும் காற்று குறைவு.

உங்களுடையது முதல் வகை. ரேடியேட்டர் குழாய்கள் பாதி அடைத்திருந்தால் நெடுஞ்சாலையில் முதலில் காட்டிக்கொடுத்திருக்கும். அதனால்தான் புது ரேடியேட்டர் இப்போது வேண்டாம் என்கிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஊசி உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். மின் கேஜாக இருந்தால் எர்த் சரியில்லை என்றாலும், இன்ஜினில் வெப்பத்தை உணர்ந்து கேஜுக்குச் சொல்லும் சென்டர் (sender) தவறானது என்றாலும் ஊசி பொய் சொல்லும். கையடக்க இன்ஃப்ராரெட் வெப்பமானியால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் அளந்து பாருங்கள். பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். 80 முதல் 95 டிகிரி வரை இந்த இன்ஜினுக்கு இயல்பு. 95-இலேயே ஊசி சிவப்பில் நின்றால் குறை கேஜில்தான்.

உண்மையிலேயே சூடு என்றால் ஃபேனில் தொடங்குங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ரேடியேட்டரின் முன்முகத்தில் ஒரு செய்தித்தாள் பக்கத்தை வையுங்கள். உறிஞ்சி ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் பெல்ட்டைப் பாருங்கள்: நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழலாம், அதற்கு மேல் கூடாது. பெல்ட்டின் பக்கவாட்டுச் சுவர் கண்ணாடி போல் பளபளத்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். ஃபேனை யாராவது திருப்பி மாட்டியிருந்தால் காற்று எதிர்த் திசையில் போகாது. அதே திசையில்தான் வரும், ஆனால் மிகக் குறைவாக. அதனால் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. இறக்கையின் குழிந்த முகம் இன்ஜின் பக்கம் இருக்க வேண்டும்.

அடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் என்னென்ன நிற்கிறது என்று பாருங்கள். கூடுதல் ஹார்ன், பனி விளக்கு, பிறகு சேர்த்த ஏசியின் கண்டென்சர், அதற்குள் அடைந்த பூச்சியும் தூசியும். ரேடியேட்டர் குழாய்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தகடுகளான ஃபின்களை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், அழுத்தம் குறைவாக. சர்வீஸ் ஸ்டேஷனின் பிரஷர் கன்னை நேராகக் காட்டினால் ஃபின்கள் மடங்கிவிடும்.

மின்சார ஃபேன் ஒன்றைச் சேர்த்துவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். ஆல்டர்னேட்டர் மாற்றியிருந்தால் சரி. பழைய டைனமோ அப்படியே இருந்தால் வேண்டாம்: ஐடிலில் டைனமோ ஏறக்குறைய ஒன்றும் சார்ஜ் தராது, ஃபேன் வேண்டியிருப்பதோ ஐடிலில்தான். அரை மணி நெரிசலில் பேட்டரி இறங்கிவிடும்.

காற்று சரி என்றால் இக்னிஷன். பழைய வண்டியின் சூட்டுக்கு அதிகம் கவனிக்கப்படாத காரணம் இதுவே. டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், பின்தங்கினால் எரிதல் தாமதமாக முடிகிறது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்துவிட்டுத்தான் டைமிங்கைத் தொட வேண்டும். பாயிண்ட் குதி தேயத் தேய இடைவெளி சுருங்கும், கூடவே டைமிங்கும் பின்னால் போகும். உங்கள் கம்ப்ரஷன் விகிதத்துக்கு உரிய டிகிரியைக் கையேட்டில் பார்த்து, ஸ்ட்ரோப் விளக்கால் வையுங்கள். பிறகு வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தட்டு நகர வேண்டும், நாக்கால் துளையை அடைத்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நகரவில்லை என்றாலோ, உடனே திரும்பிவிட்டாலோ டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசல் வழியே காற்றும் உள்ளே போய்க் கலவையை மெலிய வைக்கும். ஒரே பழுது சூட்டை இரண்டு வழியில் ஏற்றுகிறது.

கலவையைப் பற்றி இன்னொன்று. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள் ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கு என்று வைத்த கார்புரேட்டர் இதில் ஏறக்குறைய 7 சதவீதம் மெலிந்து ஓடும். எஸ்.யூ கார்புரேட்டர் என்றால் சோதிப்பது எளிது: இன்ஜின் சூடாக, ஐடிலில் இருக்கும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்லத் தூக்குங்கள். வேகம் சற்றே கூடித் திரும்பினால் கலவை சரி. கூடியபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் மெலிவு; ஜெட் நட்டை ஒரு முகம் கீழே இறக்கி மறுபடி சோதியுங்கள். பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், ரப்பர் குழாய் இரண்டையும் எத்தனால் தாங்கும் பொருளில் மாற்றிவிடுவது நல்லது. நெரிசலில் வண்டி அணைந்து, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது, தண்ணீரோ கொதிக்கவில்லை என்றால் அது இன்ஜின் சூடு அல்ல. பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்த வேலை.

தண்ணீர்ப் பக்கம்

ரேடியேட்டர் மூடி மலிவான பொருள், ஆனால் அதன் வேலை பெரிது. ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தமும் கொதிநிலையை ஏறக்குறைய 1.7 டிகிரி உயர்த்தும். 7 பிஎஸ்ஐ மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே 112 டிகிரிக்குக் கிட்டத்தில்தான் கொதிக்கும். ரப்பர் இறுகிய மூடி 100-இலேயே கொதிக்கவிடும். மூடியில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். நவீனக் காரின் 13 அல்லது 15 பிஎஸ்ஐ மூடி பொருந்துகிறது என்று போட்டால், ஈயம் பற்றவைத்த பழைய டாங்கின் தையல் பிரியும்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. வெயில் ஊருக்கு அது எதற்கு என்பார்கள். அது இல்லாத இன்ஜின் சூடேற நெடுநேரம் எடுக்கும். சிறு தூரம் ஓடும் வண்டியில் எரிந்த வாயுவோடு வரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலில் கலந்து சேறாகும். அந்தச் சேறு, இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் பிரீதர் குழாயை அடைக்கும். பிரீதர் அடைத்தால் ஆயில் கசியும். சூட்டுக்குச் செய்த வைத்தியம் இப்படித்தான் ஆயில் கசிவாகத் திரும்பி வருகிறது. பழைய தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க, பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். மேலே பொறித்த வெப்பநிலையில் திறக்கத் தொடங்கி, மேலும் 10, 12 டிகிரிக்குள் முழுதும் திறக்க வேண்டும். 82 டிகிரி வகை பொதுவானது; எப்போதும் வெயிலில் நெரிசலில் ஓடும் வண்டிக்கு 74 டிகிரி வகையும் சரி. இரண்டுமே கொதிப்பை நிறுத்தும் பொருள்கள் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். அவை கீழ் எல்லையை மட்டும் தீர்மானிப்பவை.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அங்கே ஈரமோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைக்கும் கைவேலை சில வண்டிகளில் தென்படும். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பேரிங்குக்குள் போய் அதையும் தின்றுவிடும்.

பிளாக்கின் வலப்பக்கம், பின்புறத்தில் ஒரு வடிகால் குழாய் இருக்கிறது. ரேடியேட்டரை மட்டும் காலி செய்துவிட்டு இதை யாரும் திறப்பதில்லை. திறந்தாலும் பெரும்பாலும் ஒரு சொட்டும் வராது, ஏனென்றால் வார்ப்பு மணலும் துருவும் போர்வெல் தண்ணீரின் உப்பும் நான்காவது சிலிண்டரைச் சுற்றி அடியில் படிந்து இறுகியிருக்கும். குழாயையே கழற்றி, கெட்டிக் கம்பியால் குத்திக் கிளறி, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தோட்டக் குழாய்த் தண்ணீரைத் தெளியும் வரை விடுங்கள். படிவு மிகுதி என்றால் பக்கவாட்டுக் கோர் பிளக்குகளை (பிளாக்கின் வார்ப்புத் துளைகளை மூடும் தகட்டு மூடிகள்) கழற்றித்தான் சுரண்ட வேண்டும். ரேடியேட்டர் புதிது, பம்ப் புதிது, இருந்தும் சூடு என்று சொல்லப்படும் வண்டிகளில் இந்த இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நிரப்பும்போது டிஸ்டில்டு வாட்டரோடு எத்திலீன் கிளைக்கால் கூலண்ட் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்குப் பாதி வரை. நமக்கு உறைபனிப் பயம் இல்லாததால் மூன்றில் ஒரு பங்கே போதும். தண்ணீர் அதிகம் இருந்தால் வெப்பத்தை அது நன்றாகவே கடத்தும். மூக்குப் பக்கம் சற்று உயர்ந்திருக்க நிறுத்தி நிரப்பினால் ஹெட்டில் காற்று சிக்காது.

ரேடியேட்டரைச் சந்தேகப்பட வேண்டிய நேரம் இப்போதுதான். ஓடி நின்ற சூட்டில் இன்ஃப்ராரெட் வெப்பமானியை அதன் முகத்தில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுங்கள். மேலிருந்து கீழே வெப்பம் சீராகக் குறைந்தால் நல்லது. நடுவில் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது. அப்போதும் புதிது வாங்க வேண்டியதில்லை. செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்பதால் மேல் டாங்கைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைக்கத் தெரிந்த கடைகள் இன்னும் இருக்கின்றன. சந்தையில் கிடைக்கும் மெல்லிய அலுமினியம் ஒன்றை விட நன்றாகக் கம்பி விட்ட பழைய செம்பு ரேடியேட்டரையே நான் தேர்வேன்.

ஹெட் பேக்கிங் போயிருக்கிறதா

கூலண்ட் வெளியே சிந்தாமல் குறைந்துகொண்டே வந்தால் இதைச் செய்யுங்கள். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டை எடுத்து, ஹவுசிங் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் மட்டும் வேகம் கொடுத்துப் பாருங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாது. அதில் குமிழி தொடர்ந்து வந்தால் அது சிலிண்டரிலிருந்து வரும் எரிந்த வாயுதான். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர் போன்ற வெண்மை மட்டும் இருந்தால் உடனே ஹெட்டைக் குற்றம் சொல்லாதீர்கள், சிறு தூர ஓட்டத்தின் ஈரமும் அதைச் செய்யும். டிப்ஸ்டிக்கிலும் அதே வெண்மை இருந்தால்தான் கவலை. கம்ப்ரஷன் அளக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தி அளக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் அவற்றுக்கு நடுவே பேக்கிங் எரிந்திருக்கிறது. ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு அளந்ததும் எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு.

ஹெட் கழற்றும்போது இந்த இன்ஜினுக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. ராக்கர் ஷாஃப்ட்டின் எட்டு நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் பிடித்திருக்கும் ஸ்டட்களின் நட்டுகள். ராக்கரை மட்டும் எடுக்கலாம் என்று அந்த நான்கைத் தளர்த்தி மற்ற ஏழையும் இறுக்கமாக விட்டால் ஹெட் வளையும், தண்ணீர் சிலிண்டருக்குள்ளும், இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பருக்குள்ளும் இறங்கும். ராக்கர் வேலை என்றாலும் தண்ணீரை வடித்துவிட்டு, பதினொரு நட்டுகளையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். டாப்பெட் வேலை பார்த்த மறுவாரம் ஹெட் பேக்கிங் போனது என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும்.

கழற்றிய ஹெட்டின் முகத்தில் நேர்கோலை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலரை விடுங்கள். 0.1 மில்லிமீட்டர் நுழைந்தால் முகத்தைச் சமன் செய்யும் ஃபேஸிங் வேலைக்குக் கொடுங்கள். பழைய செம்புப் பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள், உலர எமரி போடாதீர்கள். இறுக்கும் அளவு பி-சீரிஸ் வகைகளில் 40 முதல் 50 பவுண்டு-அடி வரை மாறுகிறது. உங்கள் கையேட்டின் எண்ணையே எடுத்து, நடுவிலிருந்து வெளியே மூன்று சுற்றில் இறுக்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் குளிர்ந்த நிலையில் மறுபடி இறுக்கி, டாப்பெட்டையும் திரும்ப வைக்க வேண்டும்.

ஆயில்: சொட்டும் இடம் கசியும் இடம் அல்ல

சூடு அடங்கியதும் கசிவே பாதியாகியிருக்கக் கூடும். மீதியைத் தேடும் முறை: இன்ஜினை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு மேலிருந்து கீழே கழுவுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, கார்புரேட்டர் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொள்ளுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். மண்ணெண்ணெய் முழுக்க ஆவியாகும் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. உலர்ந்தபின் சாதாரண முகப் பவுடரைப் பக்கங்களிலும் சேம்பர் விளிம்பிலும் தூவி, 10 கிலோமீட்டர் ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுவே மூலம். ஆயில் கீழே இறங்கும். ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே மூலம் எப்போதும் கறைக்கு மேலேயும் முன்னாலும் இருக்கும்.

இந்த இன்ஜினில் அதிகம் ஏமாற்றுவது பின்பக்க டாப்பெட் கவர். மேனிஃபோல்டுக்குக் கீழே, இடப்பக்கத்தில் இரண்டு தகட்டு மூடிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே போல்ட். பின் மூடியில் கசிந்தால் ஆயில் பிளாக்கின் விளிம்பு வழியே ஓடி பெல் ஹவுசிங்குக்கு அடியில் சொட்டும். அதைப் பார்த்து ‘ரியர் மெயின் (கிராங்கின் பின் பேரிங்) போச்சு’ என்று தீர்ப்பு எழுதி இன்ஜினை இறக்கிவிடுவார்கள். மேனிஃபோல்டு மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சிறு கண்ணாடி பிடித்துப் பாருங்கள். இந்த போல்ட்டுக்கு இறுக்கம் 2 பவுண்டு-அடி மட்டுமே, அதாவது குட்டை ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவு. நிற்கவில்லை என்று மேலும் இறுக்கினால் தகடு நடுவில் குழிந்து ஓரம் தூக்கும், கசிவு கூடும். குழிந்த மூடியை மரக்கட்டை மேல் தட்டிச் சமன் செய்து, புது கார்க்கை மூடியின் பக்கம் மட்டும் ஒட்டி மாட்டுங்கள்.

ராக்கர் கவருக்கு 4 பவுண்டு-அடி, சேம்பர் போல்ட்களுக்கு 6. மூன்றுமே கார்க் பேக்கிங். மூன்றுமே கை பலத்தால் கெடுபவை. சேம்பர் விளிம்பில் போல்ட் துளைகள் மேடிட்டிருந்தால் தட்டிச் சமமாக்காமல் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. சேம்பரின் முன், பின் வளைவுகளில் வரும் கார்க் துண்டுகள் மெயின் கேப் பள்ளத்தில் முழுதாக உட்கார வேண்டும். கடையில் கிடைப்பவை சற்று நீளமாக இருந்தால் நுனி வெளியே அரை மில்லிமீட்டர் நிற்கும்படி வெட்டுங்கள், அதற்கு மேல் விட்டால் நடுவில் மடிந்து தூக்கும். சிலிக்கான் பசையை நான்கு மூலையில் மட்டும் ஒரு புள்ளி வையுங்கள். சுற்றிலும் பிதுக்கித் தடவினால் உள்ளே உதிரும் இழை ஆயில் பம்பின் வடிகட்டியில் போய் அடையும்.

முன்பக்கம், கிராங்க் புல்லியைச் சுற்றி ஈரமாகி ஃபேன் பெல்ட்டில் ஆயில் தெறித்தால் டைமிங் கவர் சீல். பழைய கவரில் ஃபெல்ட் வளையம், பிந்தியதில் ரப்பர் சீல். உள்ளே கிராங்கில் இருக்கும், ஆயிலைச் சீலிலிருந்து விலக்கித் தெறிக்கும் ஆயில் திரோயர் தட்டு இரண்டுக்கும் வேறு. கவரை மாற்றித் தட்டை மாற்றாவிட்டால் எத்தனை சீல் போட்டாலும் கசியும். எஃப் என்று பொறித்த தட்டு என்றால் அந்த எழுத்து வெளியே, கவரைப் பார்த்து இருக்க வேண்டும். கவர் போல்ட்களை இறுக்குவதற்கு முன் புல்லியை உள்ளே தள்ளி சீலை மையப்படுத்திக்கொள்ளுங்கள். புல்லிக் கழுத்தில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் லேத்தில் கொடுத்து சரிசெய்யாமல் புது சீல் வீண்.

வலப்பக்கம் ஆயில் ஃபில்டர். உள்ளே எலிமெண்ட் மாற்றும் கிண்ண வகையில் பழைய ரப்பர் வளையம் பள்ளத்திலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதிதைப் போட்டுவிடுவார்கள். இரட்டை வளையம் சில கிலோமீட்டர் தாங்கும், பிறகு மொத்த ஆயிலையும் கொட்டும். பிரஷர் விளக்கு எரிவதற்குள் பேரிங் போய்விடும். குழாய் இணைப்புகளின் செம்பு வாஷர்களைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிப் பயன்படும்.

டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே வருகிறதா? முகர்ந்து பாருங்கள். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் சேம்பருக்குள் இறங்கும். இளகிய ஆயில் எல்லா இடத்திலும் கசியும். பேரிங்குக்கும் ஆபத்து, தீக்கும் ஆபத்து. வண்டியை ஓட்டாமல் பம்பையும் ஆயிலையும் மாற்றுங்கள்.

ரியர் மெயினும் இன்ஜினின் மூச்சும்

பின் மெயினில் இந்த இன்ஜினுக்கு ரப்பர் சீலே கிடையாது. கிராங்கின் பின்கழுத்தில் திருகு மறை போல ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கிராங்க் சுற்றும்போது அந்த மறை ஆயிலை உள்ளே இழுத்துத் தள்ளும். கேப்பில் இருக்கும் சிறு குழாய் அதைச் சேம்பருக்குள் விடும். நின்ற இன்ஜினில் அது எதையும் தடுக்காது. பெல் ஹவுசிங் அடியில் காட்டர் பின் தொங்கும் துளை இருப்பதே அங்கே வரும் சொட்டு வெளியேறத்தான். மூக்குப் பக்கம் உயர்ந்த சரிவில் நிறுத்தினால் கூடுதலாகச் சொட்டும். இரவுக்கு ஒரு ரூபாய்க் காசு அகலக் கறை என்றால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

மறை தோற்பது இரண்டு வழியில். மெயின் பேரிங் தேய்ந்து கிராங்க் தாழ்ந்தால் மேலே இடைவெளி கூடும். அதைவிட அடிக்கடி நடப்பது, கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறுவது. ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயு வெளியேற இரண்டு வழி: ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் குழாய், முன் டாப்பெட் கவரில் இருந்து கீழே இறங்கும் பிரீதர் குழாய். இரண்டையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி விட்டு, ஊதிப் பாருங்கள். கீழே இறங்கும் குழாயின் வாயில் குளவி மண் கூடு கட்டியிருப்பதும் உண்டு.

அழுத்தத்தை அளக்கச் செலவே இல்லை. ஒரு மீட்டர் ஒளிபுகும் குழாயை ‘யு’ வடிவில் வளைத்துப் பாதி தண்ணீர் விட்டு, ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் ரப்பர் வைத்துப் பொருத்துங்கள். சூடான இன்ஜினை ஐடிலிலும் பிறகு 2000 சுற்றிலும் பாருங்கள். பிரீதர் சுத்தமான நல்ல இன்ஜினில் இரண்டு பக்கத் தண்ணீரும் ஏறக்குறைய சமமாகவே நிற்கும். பிரீதர் சுத்தமாக இருந்தும் ஒரு அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். கம்ப்ரஷன் எண்களும் அதையே சொல்லும். அந்த நிலையில் வெளிநாட்டு எம்ஜி கடைகள் விற்கும் ரியர் சீல் மாற்றுக் கிட்டை வாங்குவது வீண்செலவு. அழுத்தம் அடுத்த பலவீனமான பேக்கிங்கைத் தேடிப் போகும்.

ஆயில் தேர்வில் அதிகம் யோசிக்க வேண்டாம்: 20டபிள்யூ-50 அல்லது 20டபிள்யூ-40 கனிம ஆயில், ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் 4 லிட்டர். 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஊற்றினால் தெளிவாகக் கசியும். கசிவை நிறுத்தும் என்று விற்கும் மருந்துகள் ரப்பரை ஊதவைப்பவை. கார்க்குக்கும் மறைக்கும் அவற்றால் எந்தப் பலனும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இறக்க வேண்டியது எப்போது? பிரீதர் சுத்தம், அழுத்தம் சமம், டாப்பெட் கவர் உலர்ந்திருக்கிறது, ஆனாலும் பெல் ஹவுசிங் துளையிலிருந்து ஓட்டத்திலேயே ஒழுகுகிறது என்றால். அல்லது கிளட்ச்சில் ஆயில் பட்டு நழுவுகிறது என்றால். அல்லது நன்றாகச் சூடான நிலையில் ஓட்டத்திலும் ஆயில் பிரஷர் 40 பிஎஸ்ஐயைத் தாண்டவில்லை என்றால். அப்படி இறக்கினால் பேக்கிங் செட்டோடு நிறுத்தாதீர்கள். கியர் பாக்ஸின் முன் கசிவும் அதே துளையில்தான் சொட்டும், அதையும் பாருங்கள். பிளாக்கின் பின்முகத்தில் ஆயில் கேலரியின் பித்தளைப் பிளக் வியர்த்திருக்கிறதா, கேப்பின் வடிகால் குழாய் அடைத்திருக்கிறதா, மறைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே சுற்றிலும் ஃபீலர் ஒரே அளவாக நுழைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேலே அதிகமும் கீழே ஒன்றுமில்லாமலும் இருந்தால் மெயின் பேரிங் மாற்றாமல் மூடக் கூடாது. கிளட்ச் பிளேட்டையும் ஸ்பிகாட் புஷ்ஷையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள். அந்த இரண்டுக்காக மட்டும் மறுபடி இறக்கும் கூலி, பொருளின் விலையை விட அதிகம்.